பீதர் கண்ட பேரமைச்சர் மஹ்மூது கவான்

நம் சிங்காநல்லூரில் ஒருவர் தம் நிலம் பற்றிய வழக்கைத் தீர்த்துக்கொள்ள விரும்பினால் தாசில்தாரைக் காண்கிறார், தஸ்தாவேஜைக் காட்டுகிறார். வருவாய்த்துறையினர் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடத்துகின்றனர்; நிலக்கணக்கைப் பசலி ஆண்டின்படி எழுதுகின்றனர். இச்சொற்களும், சர்க்கார், கஜானா என நம் பாட்டன்மார் நாவில் இயல்பாகப் புழங்கிய சொற்களும் பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தில் நம்மை வந்தடைந்தவை. தாசில்தார், மிராசுதார், சுபேதார் ஆகியவற்றின் ஈற்றில் நிற்கும் தார் என்பது உடையவர் எனப் பொருள்படும் பாரசீக ஈறு. இருதரப்பு என்று நாம் சொல்கிறோமே, அந்தத் தரப்பு என்ற சொல்லும் அரபியில் பிறந்து பாரசீகத்தின் வழியே நம்மிடம் வந்ததுதான். இச்சொல் நாம் கூறப்போகும் வரலாற்றில் ஒரு பெரியவரின் உயிருக்கே உலை வைத்தது ஆகலின், வாசகர்கள் அதைச் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

சொற்கள் வந்த வழியிலேயே மனிதரும் வந்தனர். கடல்கடந்த வணிகம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. நம்மூருக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரில் கண்டெடுக்கப்பட்ட உரோமானியக் காசுகளே அதற்குச் சான்று. பின்னாளில் பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து பாண்டி நாட்டுக் காயல் துறைக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கின. அக்குதிரை வணிகத்தை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய மன்னனுக்கு அமைச்சராகவே விளங்கினார். வணிகராய் வந்து அமைச்சராய் உயர்ந்தோர் வரிசையில் தமிழகத்துக்கு அவரைச் சொல்வோமாயின், தக்காணத்துக்கு மஹ்மூது கவானைச் சொல்ல வேண்டும். பாடநூல்கள் இவர் பெயரைப் பலவாறாக எழுதி, ஓரிரு வரிகளில் கடந்து செல்லும். ஓரிரு வரிகளில் அடங்கும் வாழ்க்கை அன்று அது.

அவ்வாழ்க்கைக்குள் புகுமுன், அவர் பிறந்த நாட்டின் பழமையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயனுடையது. பிரபுக்களை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்ற வினா கவானுக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாரசீகத்தில் எழுந்துவிட்டது. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சைரஸ் நிறுவிய பேரரசு, விரைவிலேயே சிந்து நதி முதல் ஏஜியன் கடல் வரை பரந்தது. பசார்கடேயில் அவன் கல்லறை இன்றும் நிற்கிறது. கி.மு. 522இல் அரியணை ஏறிய தாரியஸ், பெருங்குடிப் பிறந்த ஆறு பிரபுக்கள் துணைநிற்க, ஆட்சியிலிருந்தவனைக் கொன்றே முடி சூடினான். அவ்வெற்றியைப் பெகிஸ்துன் மலைப்பாறையில் மூன்று மொழிகளில் பொறித்தபோது, துணைநின்ற அறுவரின் பெயர்களையும் மறவாது பொறித்தான். அவன் தொடங்கிய பெர்சிபோலிஸ் மாளிகையின் படிக்கட்டுச் சுவர்களில் திறை ஏந்தி வரும் பல நாட்டவரைச் செதுக்கியுள்ளனர். அவர்களுள் இந்தியரும் உளர்.

பிரபுக்களின் தோளில் ஏறி அரியணையை அடைந்தவனுக்கு, அதே தோள்கள் தன்னை இறக்கிவிடவும் கூடும் என்பது தெரியாதா? தாரியஸ் பேரரசை மாநிலங்களாகப் பிரித்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவற்றை இருபது என எண்ணுகிறார். மாநிலத்துக்கு ஒரு சத்ரப், அதாவது ஆளுநர். வரி திரட்டுவது ஆளுநர் கையில். ஆனால் முக்கியமான கோட்டைகளின் காவற்படைத் தலைவர்கள் மன்னனுக்கே கட்டுப்பட்டவர்கள். இவ்விருவரையும் கண்காணிக்க மன்னனின் கண் எனப்பட்ட அதிகாரிகள் வேறு. இத்தனையும் இருந்தும் சார்திஸ் நகரத்து ஆளுநன் ஒரோய்ட்டஸ் அடங்க மறுத்தான். ஆயிரம் பாரசீகக் காவலர் சூழ இருந்த அவன்மீது தாரியஸ் படை அனுப்பவில்லை. பகையஸ் என்ற பிரபுவிடம் அரச முத்திரையிட்ட ஓலைகள் சிலவற்றைக் கொடுத்தனுப்பினான். பகையஸ் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்து, காவலர்கள் முத்திரையை எவ்வளவு மதிக்கிறார்கள் என்று முகம் பார்த்தான். பின்னர், ஒரோய்ட்டஸுக்குக் காவல் புரியலாகாது என்ற ஓலை படிக்கப்பட்டது. காவலர்கள் ஈட்டிகளைக் கீழே வைத்தனர். அடுத்த ஓலை அவனைக் கொல்லுமாறு பணித்தது, கொன்றனர். படை செய்யாததை முத்திரை செய்தது. ஹெரோடோட்டஸ் கூறும் இக்கதையையும் வாசகர்கள் மனத்தில் கொள்க.

அப்பேரரசு முடிந்ததும் ஓர் ஆளுநனின் கையால்தான். கி.மு. 330இல் அலெக்சாந்தருக்கு அஞ்சி ஓடிய மூன்றாம் தாரியஸைக் கொன்றவன் பகைவன் அல்லன்; பாக்திரிய மாநிலத்து ஆளுநனான பெஸ்ஸஸ் என்பவனே.

இனி கவானிடம் வருவோம். காஸ்பியன் கடலின் தென்மேற்குக் கரையில், மலைக்கும் கடலுக்கும் இடையே மழையும் காடும் நிறைந்த நிலப்பகுதி கீலான். அங்குள்ள கவான் என்னும் ஊரில் ஏறத்தாழ 1411இல் பிறந்தார் மஹ்மூது. முன்னோர் கீலான் அரசவையில் அமைச்சுப் பணி புரிந்தவர்கள். அமைச்சர் குடியில் பிறந்தவர்க்கு அரசவையின் பொறாமையும் பிறப்புரிமையாக வந்து சேரும் போலும். சூழ்ச்சிகள் மிகவே அவர் ஊரை நீங்கினார். வணிகமே துணையாயிற்று. கெய்ரோ வரை சென்றார். சென்ற இடங்களில் சரக்கை விற்றதோடு நில்லாமல் அறிஞர்களை நாடிப் பாடமும் கேட்டார்.

1453இல், நாற்பது வயதைக் கடந்த நிலையில், கொங்கணக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் அவர் கப்பலிலிருந்து இறங்கினார். அக்காலத்தில் தக்காணத்தை ஆண்டவர்கள் பாமினி சுல்தான்கள். தலைநகர் பீதர். அந்நகரில் வாழ்ந்த ஷா முஹிப்புல்லாஹ் என்னும் பெரியாரைக் கண்டு, பின் தில்லிக்குச் செல்வதே அவர் எண்ணம் என்பர். சுல்தான் இரண்டாம் அலாவுத்தீன் அகமது அவரைப் போகவிடவில்லை. ஆயிரம் குதிரைவீரர்க்குத் தலைவர் என்னும் பதவியை அளித்து, நல்கொண்டாவில் எழுந்த கிளர்ச்சியை அடக்க அனுப்பினார். நேற்றுவரை வணிகர், இன்று படைத்தலைவர். கிளர்ச்சி அடங்கியது. அதன்பின் இறுதிவரை அவர் தக்காணத்தை விட்டு நீங்கவில்லை.

1458இல் ஆட்சிக்கு வந்த ஹுமாயூன், வணிகர் தலைவர் எனப் பொருள்படும் மலிக்குத் துஜ்ஜார் என்னும் விருதை அவருக்கு வழங்கினார். கொடுங்கோலர் என்று வரலாற்றாசிரியர் பலரும் தூற்றும் இவ்வரசர் மூன்றே ஆண்டுகளில் மறைந்தார். அரியணையில் எட்டு வயதுச் சிறுவர் நிஜாம் ஷா அமர்த்தப்பட்டார். ஆட்சிப் பொறுப்பை மூவர் கொண்ட குழு ஏற்றது: அரசரின் அன்னையார், குவாஜா ஜஹான் துர்க் என்னும் பிரபு, மஹ்மூது கவான்.

சிறுவர் ஆளும் நாடு என்றால் அண்டை அரசர்க்கு நாவூறும். 1462இல் மாளவத்து மஹ்மூது கில்ஜி படையெடுத்து வந்து பீதரையே கைப்பற்றினார். இங்குதான் கவானின் மதிநுட்பம் முதன்முறையாக வெளிப்படுகிறது. தம் படை போதாது என்று கண்ட அவர், மாளவத்தின் மற்றோர் அண்டை நாடான குஜராத்தின் சுல்தான் மஹ்மூது பெகடாவிடம் உதவி வேண்டினார். குஜராத் படை எல்லையில் தோன்றவே மாளவப்படை பின்வாங்கியது. மறு ஆண்டு மாளவத்தார் மீண்டும் வந்தபோதும் இதே முறையில் நாடு காக்கப்பட்டது.

1463இல் அச்சிறுவரும் இறக்க, தம்பி மூன்றாம் முகம்மது ஏறத்தாழ ஒன்பது வயதில் சுல்தானானார். குழுவிலிருந்த குவாஜா ஜஹான் துர்க் கருவூலத்தைத் தம் விருப்பம்போல் கையாண்டார் என்று ஐயுற்ற அரச அன்னையார் அவரை அவையிலேயே கொல்லச் செய்தார். 1466 முதல் கவானே தலைமை அமைச்சர். முன்னவர் குருதி சிந்திய அவையில் அவர் பதவியை ஏற்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் நடத்தினார் என்பதைக் கருதும்போதுதான் அவருடைய துணிவு நமக்கு விளங்குகிறது.

அவர் நடத்திய போர்களுள் மேற்குக் கரைப் போரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். சையத்திரி மலைக்காட்டில் கேல்னா, சங்கமேசுவரம் முதலிய இடங்களில் ஆண்ட குறுநிலத் தலைவர்கள் கடற்கரை வணிகத்துக்கு இடையூறாக இருந்தனர். முன்பொருமுறை, இதே மலிக்குத் துஜ்ஜார் விருதைத் தாங்கியிருந்த கலஃப் ஹசன் என்னும் படைத்தலைவர் இக்காட்டுக்குள் அழைத்துச் செல்லப்பட்டு, படையோடு வெட்டி வீழ்த்தப்பட்டிருந்தார். கவான் அத்தவற்றைச் செய்யவில்லை. மலைநிலத்தில் பயன்படாத குதிரைப்படையைத் திருப்பி அனுப்பினார்; காடுகளை வெட்டி வழியமைத்துக்கொண்டு முன்னேறினார். மாதக்கணக்கில் முற்றுகை நடந்தது. மழைக்காலம் வந்ததும் கோல்ஹாப்பூரில் கூரைக்குடில்கள் அமைத்துத் தங்கினார். மழை ஓய்ந்ததும் மீண்டும் ஏறினார். வணிகர்க்குரிய பொறுமை இது. விலை படியும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் கோட்டை படியும்வரையும் காத்திருந்தார். 1472 பிப்ரவரியில் நிலவழியும் கடல்வழியும் ஒருங்கே தாக்கி, விசயநகரத்தார் வசமிருந்த கோவாத் துறைமுகத்தைக் கைப்பற்றினார். கடல்வழி வந்தவை 120 கப்பல்கள் என்று ஃபிரிஷ்தா என்னும் வரலாற்றாசிரியர் எழுதுகிறார். அரபு, பாரசீகக் குதிரைகள் வந்திறங்கும் வாயில்களுள் ஒன்றாதலால் விசயநகரத்துக்கு அவ்விழப்பு பெரிதாயிற்று. அந்நாளில் நம் கொங்கு நாடும் விசயநகர ஆட்சியின் கீழ் இருந்ததென்பதை இங்கே நினைவூட்டுகிறோம். மறு ஆண்டு பெல்காம் கோட்டை வீழ்ந்தது. மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்த முறை, தக்காணத்தில் அதற்குக் கிடைக்கும் முதற்சான்றுகளுள் ஒன்று.

கோவா வெற்றியோடு திரும்பியவரைக் கௌரவிக்கச் சுல்தான் அவர் இல்லத்திலேயே ஒரு வாரம் தங்கினார். அரச அன்னையார் அவரை உடன்பிறந்தவர் என்றழைத்தார். அரச உடைகள் அணிவிக்கப்பட்டன. விருந்தும் முழக்கமும் முடிந்து சுல்தான் விடைபெற்ற பின் கவான் செய்த செயலை ஃபிரிஷ்தா கூறுகிறார். அவர் தனியறைக்குள் சென்று கதவடைத்து, பட்டாடைகளைக் களைந்தெறிந்து, தரையில் விழுந்து அழுதாராம். பின் எளிய துறவியின் ஆடையோடு வெளிவந்து, அறிஞரையும் வறியவரையும் அழைத்து, பொன்னும் பொருளுமாகத் தம்மிடமிருந்த அனைத்தையும் வழங்கிவிட்டாராம். நூல்களையும் யானை குதிரைகளையும் மட்டுமே வைத்துக்கொண்டார். நூல்கள் மாணவர்க்கு உரியவை, யானை குதிரைகள் அரசுக்கு உரியவை, ஆகவே அவற்றைக் கொடுக்கத் தமக்கு உரிமையில்லை என்பது அவர் கூறிய காரணம். உச்சிக்கு ஏறிவிட்டவர் எதைக் கண்டு அழுதார்? குவாஜா ஜஹான் துர்க் விழுந்து கிடந்த அவைத்தளம் அன்று அவர் கண்முன் தோன்றியிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

அந்நூல்களுக்கென ஓர் இல்லமும் அதே 1472இல் பீதரில் எழுந்தது. மூன்று அடுக்குகள், 205 அடி நீளமும் 180 அடி அகலமும் கொண்ட கட்டடம், முகப்பின் இரு மூலைகளிலும் நூறடிக்கு மேல் உயர்ந்த இரு கோபுரங்கள். சுவர் முழுதும் நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை வண்ணங்களில் பளிங்குபோல் மின்னும் மெருகோடுகள். அவற்றில் பூக்கொடிகளும் மறைவசனங்களும். உள்ளே பள்ளிவாசல், நூலகம், பாட மண்டபங்கள், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உறைவிடங்கள். மாணவர்க்கு உணவும் உடையும் இலவசம். நூலகத்தில் மூவாயிரம் சுவடிகள் இருந்தன என்பர். அச்சுப்பொறி இந்தியாவுக்கு வராத காலத்தில், ஒவ்வோர் ஏடும் கையால் படியெடுக்கப்பட்ட காலத்தில், மூவாயிரம் என்பது எத்துணைப் பெரிய எண் என்பதை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். சமர்கந்து, குராசான் நாட்டுக் கல்விக்கூடங்களின் சாயலில் அமைந்த இக்கட்டடத்துக்கு இணையானதொன்று அக்காலத் தக்காணத்தில் இல்லை.

கட்டடத்தை எழுப்பினால் போதுமா? அறிஞர் வேண்டுமே. ஹெராத் நகரத்துப் பெரும்புலவர் ஜாமிக்குக் கடிதங்கள் எழுதினார். ஜாமி வரவில்லை, எனினும் இருவரிடையே கடிதத் தொடர்பு நீடித்தது. கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உதுமானியச் சுல்தான் இரண்டாம் முகம்மதுக்கும் கவானின் மடல்கள் சென்றன. பாரசீக உரைநடையில் கடிதம் எழுதுவது அந்நாளில் ஒரு தனிக்கலை. கவான் அதில் வல்லவர். அவருடைய கடிதங்கள் ரியாளுல் இன்ஷா என்ற பெயரில் தொகுக்கப்பட்டன. கடிதக் கலைக்கு இலக்கணம் கூறும் மனாளிருல் இன்ஷா என்ற நூலையும் அவர் இயற்றினார். எழுதுகோலால் உலகை இணைத்த இவரை வீழ்த்தியதும் ஒரு கடிதமே என்பதுதான் விதியின் விளையாட்டு.

பீதரின் பெருமையை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1470ஆம் ஆண்டையொட்டி, விற்பதற்கு ஒரு குதிரையோடு உருசிய நாட்டு வணிகர் அஃபனாசி நிக்கித்தின் இந்நாட்டுக்கு வந்தார். அவர் எழுதி வைத்த பயணக் குறிப்பு, கவானின் படைப் பெருக்கத்தையும் பிரபுக்களின் வெள்ளிப் பல்லக்குகளையும் கூறுகிறது. அருகிலேயே நாட்டுப்புறத்து மக்கள் வறுமையில் உழன்றதையும் கூறுகிறது. தொடர்ந்த போர்களின் சுமையை உழவரே சுமந்தனர். பெல்காம் போரையொட்டி மழை பொய்த்து இரண்டாண்டுப் பஞ்சமும் வந்தது. கவான் தம் செல்வத்தை வாரி வழங்கியவர் என்பது உண்மை. அவர் நடத்திய அரசு வாரி வழங்கும் அரசாக இருந்ததா என்பது வேறு வினா.

அவ்வரசின் நோய்க்கு அவர் கண்ட மருந்துதான் இவ்வரலாற்றின் மையம். பாமினி நாடு தொடக்கத்திலிருந்தே நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பகுதிக்குப் பெயர் தரஃப். நம் தரப்பு என்ற சொல்லின் மூலம். அதை ஆள்பவர் தரஃப்தார். கவான் காலத்தில் நாட்டின் எல்லை மேலைக்கடலிலிருந்து கீழைக்கடல் வரை விரிந்துவிட்டது. பகுதிகளோ அதே நான்கு. ஒவ்வொரு தரஃப்தாரும் ஒரு சிற்றரசரைப் போல வீங்கிவிட்டார். தம் பகுதியிலுள்ள கோட்டைகள் எல்லாவற்றுக்கும் அவரே தம் ஆட்களை நியமித்தார். இத்தனைப் படைவீரர் என்று கணக்குக் காட்டிப் பொருள் பெற்றுக்கொண்டு, பாதிப்பேரைக்கூட வைத்திராத பிரபுக்களும் இருந்தனர்.

கவான் நான்கை எட்டாக்கினார். பேரார், காவில் என்றும் மாகூர் என்றும் இரண்டாயிற்று. தௌலதாபாத்திலிருந்து ஜுன்னார் பிரிந்தது. குல்பர்காவிலிருந்து பீஜப்பூர் பிரிந்தது. தெலிங்கானா, வாரங்கல் என்றும் ராஜமுந்திரி என்றும் பிரிந்தது. ஒவ்வொரு தரஃபிலும் சில நிலங்களைப் பிரித்தெடுத்து, அவற்றின் வருவாய் நேரே சுல்தானின் கருவூலத்துக்குச் செல்லுமாறு செய்தார். தரஃப்தாரின் கையில் ஒரே ஒரு கோட்டை. ஏனைய கோட்டைகளுக்குத் தலைவர்களைத் தலைநகரே நியமிக்கும். நிலங்களை அளக்கச் செய்தார். ஐந்நூறு குதிரைவீரரை வைத்திருக்கும் பிரபுவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பொன்னாக இருந்த ஊதியத்தை ஒன்றேகால் லட்சமாக உயர்த்தினார். ஆனால் கணக்கில் காட்டிய வீரருள் ஒருவர் குறைந்தாலும் அவருக்குரிய தொகை பிடித்துக்கொள்ளப்படும். தாரியஸ் மாநில ஆளுநனையும் கோட்டைத் தலைவனையும் தனித்தனியே வைத்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. தம் பொறுப்பிலிருந்த மேற்குப் பகுதியையும் கவான் பிரிக்காமல் விட்டுவிடவில்லை என்பதே நம்மை வியக்கவைக்கிறது. பிறர் அதிகாரத்தைக் குறைத்தவர் உலகில் பலர். தம் அதிகாரத்தையும் சேர்த்துக் குறைத்தவர் அரியர்.

இன்னொரு பிளவும் அந்நாட்டில் புரையோடியிருந்தது. தலைமுறைகளாகத் தக்காணத்தில் வாழ்ந்த முஸ்லிம் பிரபுக்கள் தக்கணிகள் எனப்பட்டனர். அபிசீனியாவிலிருந்து வந்தோர் பெரும்பாலும் இவர்களோடு சேர்ந்து நின்றனர். பாரசீகம், துருக்கி, அரபு நாடுகளிலிருந்து புதிதாய் வந்தோர் அஃபாக்கிகள் எனப்பட்டனர். ஒரே இறைவனை ஒரே திசை நோக்கித் தொழுத இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கொன்று குவித்த நிகழ்ச்சிகள் பாமினி வரலாற்றில் உண்டு. கவான் அஃபாக்கி. ஆயினும் புதிய தரஃப்களை இரு சாராருக்கும் பகிர்ந்தளித்தார். விசயநகரத்து அந்தணர் குடும்பத்தில் பிறந்து சிறைப்பட்டு இஸ்லாத்தில் வளர்ந்த பத்ஹுல்லாஹ் இமாதுல் முல்க்குக்கு ஒன்று. தாம் மகனைப்போல் கருதிய யூசுப் ஆதில் கானுக்கு ஒன்று. அபிசீனியரான குதாவந்த் கானுக்கு ஒன்று. தக்கணித் தலைவர் மலிக் ஹசன் நிஜாமுல் முல்க்குக்கு ராஜமுந்திரி.

மலிக் ஹசன் அதை ஏற்கவில்லை; ஏற்றதுபோல் நடித்தார். தெலிங்கானா முழுவதையும் எதிர்பார்த்திருந்தவருக்குப் பாதிதான் கிடைத்தது. தம் பகுதியை அறுத்த கையை அறுக்க அவர் முடிவு செய்தார்.

1481இல் சுல்தான் முகம்மது கீழைக்கரையில் படையெடுப்பில் இருந்தார். கிருஷ்ணை ஆற்றங்கரையை அடுத்த கொண்டப்பள்ளியிலிருந்து திடீரெனத் தெற்கே பாய்ந்து காஞ்சிபுரம் வரை வந்து, கோயிற் செல்வத்தைக் கொள்ளையிட்டுத் திரும்பினார். நம் தமிழ் மண்ணில் நடந்த இச்செயலை மழுப்பிக் கூறுவதற்கில்லை. அது நடந்தபோது அவ்வரசின் தலைமை அமைச்சர் கவானே என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த ஆண்டிலேதான் சூழ்ச்சியும் முற்றியது. கவானின் முத்திரையைக் காத்துவந்த அபிசீனியப் பணியாளரைச் சிலர் நட்பாக்கிக்கொண்டனர். மது ஊட்டி, பொருள் கொடுத்து, வெறுந்தாளொன்றில் முத்திரையைப் பதித்து வாங்கினர். எழுதப்படாத அத்தாளில் பின்பு எழுதப்பட்டது ஒரு கடிதம். ஒரிசாவின் புருஷோத்தம கஜபதிக்குக் கவான் எழுதியது போன்றது. சுல்தான் குடியில் மூழ்கிவிட்டார், மக்கள் வெறுத்துவிட்டனர், நீர் படையெடுத்து வாரும், நாட்டைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பது அதன் பொருள். சுல்தான் மது மயக்கத்தில் இருக்கும் வேளை பார்த்து, மலிக் ஹசன் உடனிருக்க, அது படித்துக் காட்டப்பட்டது.

அழைப்பு வந்தபோது கவானின் நண்பர்கள் தடுத்தனர். அன்று போகவேண்டாம் என்றனர். குதிரைகள் ஆயத்தமாக உள்ளன, குஜராத்துக்குப் போய்விடலாம் என்றும் கூறினர். பல்லாயிரம் வீரர் அவர் சொல்லுக்குக் காத்திருந்தனர். அவர் தனியே சென்றார். ஹுமாயூனின் பணியில் நரைத்த தாடி, அவர் மகனின் கையால் சிவந்தால் அதுவும் பெருமையே என்று கூறிச் சென்றதாக வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். அரசத்துரோகம் செய்தவர்க்கு என்ன தண்டனை என்று சுல்தான் கேட்டார். கொலைத்தண்டனை என்று கவான் விடையளித்தார். கடிதம் காட்டப்பட்டது. முத்திரை தம்முடையது, எழுத்து தம்முடையதன்று என்றார். அவ்வெழுத்து யாருடையது என்று கேட்கும் பொறுமை சுல்தானுக்கு இல்லை. ஜவ்ஹர் என்ற அடிமைக்குக் கட்டளையிட்டுவிட்டு உள்ளே எழுந்து போனார். கவான் கிப்லாவை நோக்கி மண்டியிட்டு, கலிமாவை மொழிந்தவாறே வெட்டுண்டு வீழ்ந்தார். அன்று 1481 ஏப்ரல் 5. அவருக்கு வயது எழுபது.

சார்திஸில் முத்திரை கலகக்காரன் ஒருவனைக் கொன்றது. கொண்டப்பள்ளியில் அரசைத் தாங்கிய தூணை வீழ்த்தியது. முத்திரையைப் பிறர் கையில் விட்டிருந்தாரே என்று கவானைக் குறை கூறுவாரும் உளர். அதைவிட, பத்து வயதுக்குட்பட்ட சிறுவராகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சுல்தானின் குடிப்பழக்கத்தை அவரால் திருத்த இயலாமற் போனதே பெருங்குறை என்பது நம் கருத்து. அலுவலகங்களை எல்லாம் திருத்தியவர், அனைத்துக்கும் மேலிருந்த ஒருவரைத் திருத்த இயலாதவராயிருந்தார்.

பெருஞ்செல்வம் கிடைக்கும் என்றெண்ணிய சுல்தான் கவானின் கருவூலரை அழைத்துக் கணக்குக் கேட்டார். கருவூலர் அஞ்சாமல் கணக்கு ஒப்புவித்தார். இரண்டு பெட்டகங்கள். ஒன்று அரசுக்குரியது, படைக்கும் யானை குதிரைக்கும் அதிலிருந்தே செலவு. மற்றொன்று அவர் சொந்தப் பெட்டகம். அதில் முந்நூறு லாரிகள். தாயகத்திலிருந்து கொண்டுவந்த சிறு முதலைக் கொண்டு இறுதிவரை வணிகம் செய்து, நாளொன்றுக்கு ஒரு சிறு தொகையைத் தம் உணவுக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வறியவர்க்கு அளித்துவந்தார் என்பது தெரியவந்தது. உறங்கியது பாயில், உணவு சமைத்தது மண்பாண்டத்தில். சுல்தான் அப்போதுதான் கடிதத்தை ஆராயத் தொடங்கினார். அதை எடுத்துச் சென்ற தூதர் எங்கே என்ற வினாவுக்கு விடை சொல்ல யாருமில்லை.

பிரபுக்களின் நம்பிக்கை அன்றே முறிந்தது. யூசுப் ஆதில் கானும் இமாதுல் முல்க்கும் சுல்தானின் பாசறைக்கு அருகில் வரவும் மறுத்து, தனியே கூடாரமடித்துத் தங்கி, தொலைவிலிருந்தே வணக்கம் செலுத்தினர். மறு ஆண்டு 1482 மார்ச்சில் சுல்தான் முகம்மது இறந்தார். கவான் தம்மைக் கொல்ல வருவதாக இறுதி நாட்களில் அவர் அலறினார் என்பது மரபு. அரியணை மீண்டும் ஒரு சிறுவருக்கு வந்தது. ஆட்சியைக் கைப்பற்றிய மலிக் ஹசனும் சில ஆண்டுகளில் கொலையுண்டார். எட்டாகப் பிரிக்கப்பட்ட நாட்டை ஒன்றாகக் கட்டியிருந்த கயிறு அறுந்துவிட்டது. மலிக் ஹசனின் மகன் அகமது நகரை நிறுவினார். யூசுப் ஆதில் கான் பீஜப்பூரையும் இமாதுல் முல்க் பேராரையும் தமதாக்கினர். பின்னர் கோல்கொண்டாவும் பிரிந்தது. பீதரில் எஞ்சியதை பரீதுகள் ஆண்டனர்.

கல்விக்கூடம் மட்டும் இரண்டு நூற்றாண்டுகள் முழுமையாக நின்றது. ஔரங்கசீப்பின் படைகள் பீதரைக் கைப்பற்றிய பின், அதன் அறைகள் படைவீரரின் தங்குமிடமாயின. ஒரு பகுதியில் வெடிமருந்து சேமிக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மருந்து வெடித்தது. ஒரு கோபுரமும் முகப்பின் பெரும்பகுதியும் தகர்ந்து வீழ்ந்தன. மற்றொரு கோபுரம் நீல ஓடுகள் சிலவற்றோடு இன்றும் நிற்கிறது; இந்தியத் தொல்லியல் துறை அதைக் காத்து வருகிறது. பாமினி சுல்தான்களின் கல்லறைகள் பீதரை அடுத்த அஷ்டூரில் பெருங்குவிமாடங்களோடு ஓங்கியுள்ளன. கவானின் அடக்கத்தலம் அவற்றிடையே இல்லை. நகருக்கு வெளியே வேறொரு சிற்றூரின் அருகே, குவிமாடம் ஏதுமின்றி, திறந்த வெளியில் உள்ளது.